ஹெட் கோச் தெரிவு செய்யிற கமிட்டியில முதல் தடவையா இருக்கிறீங்களா? இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

போன மாசம் ஒரு பின்னேரம் திருகோணமலை டச் பே பக்கம் நடந்துகொண்டு இருக்கேக்க தெரிஞ்ச தம்பி ஒருத்தன் பைக்கை நிப்பாட்டிப்போட்டு வந்தான். அவன்ட ஃபுட்போல் கிளப்பில இந்தமுறை சம்பளம் குடுத்து ஹெட் கோச் ஒருத்தரை எடுக்கப் போகினமாம், தெரிவுக் கமிட்டியில இவன்ட பேரையும் போட்டிட்டினமாம். "அண்ணை, ஏழு சீவி வந்திருக்கு, ஏழு பேரும் தங்கட டீம் கப் அடிச்சது எண்டுதான் எழுதியிருக்கினம், நான் எதை வச்சு ஆளைப் பிரிக்கிறது?" எண்டு கேட்டான். அங்கயே இருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சம். அவனுக்குச் சொன்னது மற்றக் கிளப் பெடியளுக்கும் உதவும் எண்டுதான் இதை எழுதுறன்.

இதை எழுத எனக்கு வேற ஒரு காரணமும் இருக்கு. பல வருசத்துக்கு முன்னம் நான் இருந்த கிளப் ஒண்டில ஒரே பின்னேரத்தில கோச் எடுத்தம். வந்தவர் வேற ஊரில ஒரு டீமை வச்சுக் கிண்ணம் எடுத்தவர், நல்லாக் கதைச்சார், நாங்கள் தேத்தண்ணி ஆற முதல் ஓம் எண்டிட்டம். அந்தக் கிண்ணம் எடுத்த டீமில ஆர் ஆர் விளையாடினவை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. பிறகுதான் தெரிஞ்சுது, அதில நாலு பேர் தேசிய மட்டத்தில விளையாடினவை, அவையை ஆர் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் ஃபைனலுக்குப் போயிருப்பினம். எங்களிட்ட இருந்தது பாலையூற்றுப் பெடியளும் கிண்ணியாப் பெடியளும், அரைவாசிப் பேர் காலமை வேலைக்குப் போய்ப் பின்னேரம் ஓடி வாறவை. நாலு மாசத்தில டீம் உடைஞ்சு போச்சு. பதினேழு வயசில ஒரு லெஃப்ட் பெக் இருந்தவன், அப்பிடி ஒரு இடது காலை நான் அதுக்குப் பிறகு இஞ்ச காணேல்லை, எல்லாருக்கும் முன்னால வச்சு அந்தக் கோச் அவனைப் பேசின பேச்சில பந்தை விட்டிட்டுப் போனவன் பிறகு வரவே இல்லை. இப்பவும் மார்க்கெட்டில அவனைக் கண்டா நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும், ஏனெண்டா அண்டைக்குக் கை உயர்த்தினதில நானும் ஒருத்தன்.

அதுக்குப் பிறகு நான் விடாமப் பிடிச்சு வச்சிருக்கிற கேள்வி ஒண்டுதான்: அந்தாள் காட்டுற வெற்றியில அந்தாளின்ட பங்கு எவ்வளவு? கீழ சொல்லுற எல்லாமே இதுக்கு மறுமொழி தேடுற வேலைதான்.

முதல் வேலை: சீவியைத் திறக்க முதல் உங்கட கிளப்பைப் பற்றி எழுதுங்கோ

ஒரு பக்கம் காணும். எந்த லீக்கில விளையாடுறீங்கள், மாசம் எவ்வளவு குடுக்க ஏலும், கிரவுண்ட் கிழமைக்கு எத்தனை நாள் கிடைக்கும், டீமில எத்தனை பேர், அவையின்ட வயசென்ன, ஆர் வேகமான ஆள் ஆர் உயரமான ஆள், ஒரு வருசத்தில என்ன வேணும், மூண்டு வருசத்தில என்ன வேணும். இதில கமிட்டிக்குள்ளயே சண்டை வரும், வரட்டும். ஒருத்தர் கப் வேணும் எண்டுவார், இன்னொருத்தர் எங்கட ஊர்ப் பெடியளை வளர்க்கிறதுதான் வேணும் எண்டுவார், இந்தச் சண்டையைக் கோச் வர முதல் பிடிச்சு முடிச்சாத்தான் நல்லது, இல்லாட்டி வந்த மனுசன் ரெண்டு பக்கமும் இழுபடுவார்.

அதோட அந்த வேலை எது வரைக்கும் எண்டதையும் எழுதோணும். முந்தி இங்கிலாந்தில மனேஜர் எண்டா ட்ரெயினிங், ஆள் வாங்கிறது, ஆள் விக்கிறது எல்லாம் அவர்தான். ஹெட் கோச் எண்டா டீமைப் பழக்கிறதும் மெச்சுக்கு ஆக்களைத் தெரிவு செய்யிறதும்தான் முக்கியமான வேலை, ஆக்களைக் கொண்டு வாறதுக்கு வேற ஆள் இருப்பார். உங்கட கிளப்பில புதுசா ஒரு பெடியனை எடுக்கிறது ஆர் முடிவு, கோச்சா, செக்ரட்டரியா, காசு போடுற முதலாளியா? இதை எழுதாம விட்டா ரெண்டாம் மாசமே பிரச்சினை.

ஏன் இதை முதலாவதாச் சொல்லுறன் எண்டா, நல்ல கோச் ஒருத்தர் பிழையான கிளப்புக்குப் போனா என்ன நடக்கும் எண்டதுக்கு ஃப்ராங்க் டி போர் கதையைப் பாருங்கோ. நெதர்லாந்தின்ட அயக்ஸ் கிளப்பில 2011 தொடக்கம் 2014 வரைக்கும் தொடர்ந்து நாலு லீக் பட்டம் எடுத்தவர். 2017இல இங்கிலாந்தின்ட கிறிஸ்டல் பலஸ் அவரை எடுத்துது. பலஸ்ஸில இருந்த ஆக்கள் நீளப் பந்து அடிச்சு, அது மோதிச் சிதறி விழேக்க அந்த ரெண்டாவது பந்தைப் பொறுக்கி விளையாடிப் பழகினவை, அவருக்கு முதல் இருந்த சாம் அலர்டைஸ் அப்பிடித்தான் விளையாட்டினவர். டி போர் பின்னுக்கு இருந்து பாஸ் பண்ணி வரச் சொன்னார். லீக்கில நாலு மெச், நாலும் தோல்வி, ஒரு கோல் கூட இல்லை, 77 நாளில வீட்டை அனுப்பினவை. அதில அவரின்ட பிழையை விட தெரிவு செய்த ஆக்களின்ட பிழைதான் கூட எண்டு நான் நினைக்கிறன், அவர் எப்பிடி விளையாட்டுவார் எண்டது உலகத்துக்கே தெரிஞ்ச விசயம்.

எங்கட ஊருக்கு இதில இன்னொரு விசயம் இருக்கு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில பின்னேரம் மூண்டரைக்கு மெச் வச்சா நிலம் சுடும், காத்து வாயைக் காய வைக்கும், தொண்ணூறு நிமிசமும் ஓடி ஓடிப் பிரஸ் பண்ணுற, அதாவது பந்து வச்சிருக்கிற எதிராளியை நெருக்கிப் பறிக்கிற விளையாட்டை அந்த நேரத்தில ஆரும் தாக்குப் பிடிக்க ஏலாது. ஒக்டோபருக்குப் பிறகு மாரி, கிரவுண்டில தண்ணி நிக்கும், நிலத்தோட பாஸ் ஓடாது. இதெல்லாத்தையும் அந்த ஒரு பக்கத்தில எழுதி, வாற எல்லாருக்கும் முன்கூட்டியே குடுங்கோ. அதை வாசிச்சிட்டு ஒண்டும் கேக்காம வாற ஆளை நான் அப்பவே கொஞ்சம் கீழதான் வைப்பன்.

அடுத்தது: லிஸ்ட்

விண்ணப்பம் போடுற ஆக்களுக்குள்ள மட்டும் தேடாதேங்கோ. நல்ல வேலையில இருக்கிற கோச் பெரும்பாலும் விண்ணப்பம் போடமாட்டார், நீங்கள்தான் போய்க் கேக்கோணும். இங்கிலாந்தின்ட பிரைட்டன் கிளப்பைப் பாருங்கோ, 2022 செப்டம்பரில கிரஹாம் பொட்டரை செல்சி கூட்டிக்கொண்டு போச்சு, ரெண்டு கிழமைக்குள்ள ரொபர்ட்டோ டி செர்பி வந்திட்டார், அந்த சீசனில ஆறாவது இடம், கிளப் வரலாற்றிலயே முதல் தடவையா ஐரோப்பியப் போட்டிக்குப் போனவை. ஆள் போனாப் பிறகு தேடத் தொடங்குற கிளப் இல்லை அது, ஆள் இருக்கேக்கயே அடுத்தது ஆர் எண்டு பாத்துக்கொண்டு இருப்பினம்.

அதோட ஹெட் கோச்சா இருந்த ஆள்தான் வேணும் எண்டு பிடிவாதம் பிடிக்காதேங்கோ. அசிஸ்டன்ட் கோச், அண்டர் 19 கோச், பள்ளிக்கூட டீமைப் பழக்கிற சேர்மார், இவையையும் போய்ப் பாருங்கோ. நாகெல்ஸ்மான் ஜேர்மனியின்ட ஹோஃபன்ஹைம் கிளப்பில அண்டர் 19 டீமைப் பழக்கிக்கொண்டு இருந்தவர், 2016 பெப்ரவரியில 28 வயசில பெரிய டீமைக் குடுத்தினம், அப்ப டீம் 17ஆவது இடத்தில, கீழ் லீக்குக்கு இறங்காமத் தப்பிச்சுது, அடுத்த சீசன் நாலாவது. கிளப் அந்தாளை ஒவ்வொரு நாளும் கிரவுண்டில பாத்துக்கொண்டு இருந்தது, அதால சீவியைத் தாண்டி அவையளுக்கு அவரைத் தெரியும். எங்கட ஊரிலயும் ஏகாம்பரம் மைதானத்தில பின்னேரம் போய் நிண்டா எந்த சேரிட்டப் பெடியள் விரும்பிப் போகினம் எண்டு ஒரு கிழமையில தெரிஞ்சுடும்.

லைசன்ஸ் பற்றி. ஆசியாவில ஏஎஃப்சி, அதாவது ஆசிய ஃபுட்போல் கூட்டமைப்பு, குடுக்கிறது சி, பி, ஏ, அதுக்கு மேல புரோ. நீங்கள் விளையாடுற போட்டி ஹெட் கோச்சுக்கு எந்த லைசன்ஸ் வேணும் எண்டு கேக்குது எண்டதை சம்மேளனத்திட்ட முதலே எழுத்தில வாங்குங்கோ, அது இல்லாத ஆளோட ரெண்டு மாசம் கதைச்சு ஏமாறக் கூடாது. சான்றிதழைக் கண்ணால பாருங்கோ, காலாவதித் திகதியைப் பாருங்கோ, குடுத்த இடத்தில உறுதிப்படுத்துங்கோ. ஆனா லைசன்ஸ் எண்டது கதவைத் திறக்கிற சாவி மாதிரி, உள்ளுக்கு வந்து என்ன செய்வார் எண்டதை அது சொல்லாது. இன்னொண்டு, இலங்கைக் கோச் ஒருத்தரின்ட சீவியில இடைவெளி இருந்தா உடன பிழையா நினைக்காதேங்கோ. 2020இல கொரோனா, 2022இல பெற்றோல் வரிசை, 2023 ஜனவரியில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் ஃபீஃபா இலங்கையைத் தடை செய்து வச்சிருந்தது, அந்த நேரம் ஃபீஃபாவின்ரயும் ஏஎஃப்சியின்ரயும் கோர்ஸ் ஒண்டும் எங்களுக்கு இல்லை. அந்த வருசங்களில என்ன செய்தீங்கள் எண்டு கேளுங்கோ. ஒரு சேர் சொன்னார், தெருப் பெடியள் பன்ரெண்டு பேரை வச்சு வெறும் நிலத்தில கிழமைக்கு ரெண்டு நாள் பழக்கினனான் எண்டு, அந்த மறுமொழிக்கு நான் நிறையப் புள்ளி குடுத்தன்.

மூண்டாவது: ரிசல்ட்டை வாசிக்கப் பழகுங்கோ

இதுதான் கஷ்டமான பகுதி, இதிலதான் எல்லாரும் விழுறது, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

லீக் அட்டவணையில ஒரு டீம் எந்த இடத்தில நிக்குது எண்டதில பெரும் பங்கு காசு. எந்தக் கிளப் கூடச் சம்பளம் குடுக்குதோ அது நீண்ட காலத்தில மேலதான் நிக்கும், இது ஐரோப்பிய லீக்குகளில திருப்பித் திருப்பிக் கண்ட விசயம். அதால "மூண்டாவது இடம் எடுத்தனான்" எண்டு ஒருத்தர் சொன்னா, அந்த லீக்கில அவர் இருந்த கிளப்பின்ட காசு எத்தனையாவது இடம் எண்டு கேளுங்கோ. முதலாவது காசுக்கு மூண்டாவது இடமா, ஒன்பதாவது காசுக்கு மூண்டாவது இடமா? ரெண்டும் ஒரே சீவி வரிதான், ஆனா ஆள் வேற. இலங்கையில சம்பளக் கணக்கு ஆரும் வெளியில சொல்ல மாட்டினம், அப்ப வேற வழி, டீமில எத்தனை தேசிய அணி ஆக்கள், எத்தனை வெளிநாட்டுக்காரர், ஆக்கள் முழுநேரமா பகுதி நேரமா எண்டு எண்ணுங்கோ. ராணுவம், கடற்படை, விமானப்படை டீமுகளில ஆக்களுக்கு மாசச் சம்பளமும் தங்குற இடமும் இருக்கும், வேலைக்குப் போய்வாற பெடியளை வச்சு அவையோட டிரோ எடுத்த கோச்சை நான் ரெண்டு தடவை பாப்பன்.

பிறகு அவர் வர முதல் அந்த டீம் எங்க நிண்டது, அவர் போன பிறகு எங்க நிண்டது எண்டும் பாருங்கோ. மூண்டையும் ஒரே வரியில எழுதினாத்தான் அவர் என்ன கூட்டினார் எண்டு தெரியும்.

இதில ஒரு பொறி இருக்கு. தொடர்ந்து தோத்துக்கொண்டு இருக்கிற டீம் கோச்சை மாத்தும், அடுத்த அஞ்சு மெச்சில மூண்டு வெல்லும், எல்லாரும் புதுக் கோச்சைத் தூக்கிக் கொண்டாடுவினம். நெதர்லாந்து லீக்கை வச்சுப் பொருளியல் ஆக்கள் இதை ஆராய்ஞ்சு பாத்தவை, அதே மாதிரி சறுக்கி விழுந்து, ஆனா கோச்சை மாத்தாத டீமுகளும் கிட்டத்தட்ட அதே மாதிரித்தான் எழும்பியிருக்கு. அதாவது, அடிமட்டத்துக்குப் போன டீம் எப்பிடியும் கொஞ்சம் மேல வரும். அதால அஞ்சு மெச்சை வச்சு ஒராளை அளக்காதேங்கோ. முழு சீசன் எண்டாப் பாக்கலாம், ரெண்டு மூண்டு கிளப்பில அப்பிடி நடந்திருந்தா இன்னும் நம்பலாம். ஓவன் கொயில் எண்ட கோச்சை எங்கட பெடியள் சென்னையின் எஃப்சி பாத்த ஞாபகத்தில வச்சிருப்பினம். 2019 டிசம்பரில வரேக்க டீம் இந்தியன் சூப்பர் லீக் அட்டவணையில கீழ கிடந்தது, 2020 மார்ச்சில ஃபைனல் விளையாடினது. அந்த ஒண்டோட நிண்டிருந்தா அதிர்ஷ்டம் எண்டும் சொல்லலாம், ஆனா பிறகு ஜம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல லீக் அட்டவணையில முதலாவதா வந்து லீக் ஷீல்டும் எடுத்தார். ரெண்டு ஊர், ரெண்டு டீம், அப்பத்தான் அந்தாளின்ட பங்கு எண்டு சொல்லத் துணிவு வருது.

மறுபக்கமும் இருக்கு, ரிசல்ட் மோசம் ஆனா கோச் நல்லம். யேர்கன் க்ளொப் ஜேர்மனியின்ட டோர்ட்முண்டில கடைசியா இருந்த 2014-15 சீசனில டீம் பெப்ரவரியில கடைசி இடத்துக்கே போனது, முடியேக்க ஏழாவது. பேப்பரைப் பாத்தா ஆள் முடிஞ்சுது எண்டுதான் இருக்கும். அந்த நேரம் லிவர்பூலில இயன் கிரஹாம் எண்டவர் டேட்டா பாத்தவர், அவர் அந்த சீசனில டோர்ட்முண்ட் உருவாக்கின கோல் வாய்ப்புகளையும் எதிர் டீமுக்குக் குடுத்த வாய்ப்புகளையும் எண்ணிப் பாத்தா டீம் நல்லாத்தான் விளையாடியிருக்கு, பந்துதான் உள்ளுக்குப் போகேல்லை. 2015 ஒக்டோபரில லிவர்பூல் க்ளொப்பை எடுத்துது, 2019இல சம்பியன்ஸ் லீக், 2020இல பிரீமியர் லீக்.

அவர் பாத்ததுக்குக் கிட்டின அளவைத்தான் இப்ப எக்ஸ்ஜீ எண்டு சொல்லுறது, ஒரு ஷொட் அந்த இடத்தில இருந்து அடிச்சா கோலாக எவ்வளவு சாத்தியம் எண்டது. பெனால்டி எண்டா நூறு அடிச்சா ஏறக்குறைய 75 தொடக்கம் 80 உள்ளுக்குப் போகும், முப்பது மீட்டருக்கு அங்கால இருந்து அடிச்சா நூறில ரெண்டு மூண்டு போறதே பெரிய விசயம். எங்கட லீக் மெச்சுக்கு இந்த டேட்டா கிடையாது, அதுக்காக விடக்கூடாது. வீடியோ இருந்தா ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கோ, பொக்ஸ்ஸுக்குள்ள இருந்து அடிச்ச ஷொட் எத்தனை, பொக்ஸ்ஸுக்குள்ள வாங்கின ஷொட் எத்தனை எண்டு ரெண்டு பக்கமும் கோடு போடுங்கோ. அஞ்சாறு மெச் இப்பிடி எண்ணினா ஸ்கோர் மறைச்ச விசயம் வெளியில வரும், நான் செய்து பாத்தனான், ஒரு மெச்சுக்கு ரெண்டு மணித்தியாலம் போகும் அவ்வளவுதான்.

எந்த அளவும் முழுசாச் சரி எண்டு நினைக்க வேணாம். கிளவ்டியோ ரனியெரி 2014 நவம்பரில கிரேக்க தேசிய அணியின்ட கோச்சா இருந்து ஃபேரோ தீவுகளிட்டத் தோத்து வேலையை இழந்தவர், அடுத்த வருசம் லெஸ்டர் எடுத்துது, 2016இல பிரீமியர் லீக் பட்டம். ஆர்தான் அதைக் கணிச்சிருப்பினம்?

நாலாவது: மெச் வீடியோவை அவரிட்டக் கேக்காதேங்கோ

கேட்டா தங்கட நல்ல மெச்சைத்தான் தருவினம், நானும் அப்பிடித்தான் குடுப்பன். நீங்களே தெரிவு செய்யுங்கோ: ஒரு பெரிய தோல்வி, ஒரு டிரோ, பலமான டீமோட ஒண்டு, பலவீனமான டீமோட ஒண்டு, சீசன்ட கடைசி மெச்சுகளில ஒண்டு. பந்தைப் பாக்காம டீமைப் பாருங்கோ. கோல் வாங்கின பிறகு வாற பத்து நிமிசம் டீம் சிதறுதா சேருதா, ஹாஃப் டைமுக்குப் பிறகு ஏதாவது மாறுதா, சப் போட்ட ஆள் வந்து விளையாட்டை மாத்துறானா இல்லை சும்மா ஆளுக்கு ஆள் மாத்தினதா. கோர்னர், ஃப்ரீ கிக் இதெல்லாம் பழகிக்கொண்டு வந்த மாதிரி இருக்கா? இதுக்குக் காசு தேவையில்லை, பழக்கம்தான் தேவை, அதால கோச்சின்ட பங்கு சுத்தமாத் தெரியிற இடம் இது. மெச் படம் பிடிக்கிறவை பெஞ்சையும் பிடிச்சிருந்தா அதையும் வடிவாப் பாருங்கோ, பிழை விட்ட பெடியன் வெளியில வரேக்க அவர் என்ன செய்யிறார் எண்டு.

அதோட அவரிட்ட இருந்த ஆக்களின்ட லிஸ்ட்டை எடுத்து, அவரிட்ட வரேக்க எப்பிடி இருந்தவை போகேக்க எப்பிடிப் போனவை எண்டு பாருங்கோ. ரெண்டாம் டீமில இருந்து முதல் டீமுக்கு எத்தனை பெடியளை ஏத்தினவர், அவைக்கு எத்தனை நிமிசம் குடுத்தவர், கடைசி அஞ்சு நிமிசம் மட்டும்தானா? அவர் காலத்தில தொடைத் தசை பிடிச்சு வெளியில இருந்த ஆக்கள் கூடவா? அப்பிடி எண்டா ட்ரெயினிங் சுமையை அவர் எப்பிடிக் கணக்குப் பாக்கிறார் எண்டு கட்டாயம் கேக்கோணும்.

அஞ்சாவது: ஃபோன் எடுங்கோ

சீவியில கீழ ரெண்டு பேர் நம்பர் போட்டிருப்பினம். அவைக்கு எடுக்கிறது மரியாதைக்கு, நல்லதுதான் சொல்லுவினம். நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டிய ஆக்கள் வேற: அந்தக் கிளப்பில ஜேர்சி கழுவிக் குடுக்கிற அண்ணை, ஃபிசியோ, கிரவுண்ட் பாக்கிறவர், அவர் பெஞ்சில இருத்தின ஒரு பிளேயர், அவரோட அசிஸ்டன்டா இருந்த ஒருத்தர். "ஆள் நல்லவரா?" எண்டு கேட்டா "ஓம் ஓம் நல்லவர்" எண்டுதான் வரும், எங்கட ஆக்கள் ஒருத்தரைப் பற்றிக் குறை சொல்ல லேசில வாய் திறக்க மாட்டினம். நடந்ததைக் கேளுங்கோ. தொடர்ந்து மூண்டு மெச் தோத்த கிழமை ட்ரெயினிங்குக்கு என்ன செய்தவர்? டீமில சண்டை வந்தா எப்பிடித் தீர்த்தவர்? சம்பளம் பிந்தின மாசம் என்ன செய்தவர்? கடைசியா ஒண்டு: "உங்கட தம்பியை இவரிட்ட விடுவீங்களா?" இந்தக் கேள்விக்கு முன்னால வாற மௌனம் எவ்வளவு நீளம் எண்டதைக் கவனியுங்கோ.

பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச பெடியள் டீமில இருந்தா பொலிஸ் கிளியரன்ஸ் கட்டாயம். தெரிஞ்ச ஆள், சொந்தக்காரர், கோயில் சபையில இருக்கிறவர் எண்டெல்லாம் பாத்து விடக்கூடாது. பிள்ளையள் சம்பந்தமா ஒரு முறைப்பாடு காதில விழுந்தா விசாரிச்சு முடியும் வரைக்கும் அந்தப் பேரை முன்னால கொண்டு போகாதேங்கோ, கிண்ணம் எத்தனை வச்சிருந்தாலும் சரி.

ஆறாவது: இன்டர்வியூ

எல்லாரிட்டயும் ஒரே கேள்வி, ஒரே ஒழுங்கு. கமிட்டியில இருக்கிற ஒவ்வொருத்தரும் தனித்தனியாப் புள்ளி போட்டு மடிச்சு வைக்கோணும், அதுக்குப் பிறகுதான் கதைக்கிறது. இல்லாட்டித் தலைவர் முதல் வாய் திறப்பார், மற்றவை எல்லாம் தலையாட்டுவினம், எங்களுக்கு நடந்தது அதுதான்.

போன சீசன் உங்கட ரெண்டு மெச்சை ஒரு கிழமைக்கு முதல் அனுப்பி, பாத்திட்டு வந்து சொல்லச் சொல்லுங்கோ. டீமில என்ன பிழை, முதல் ஆறு கிழமை என்ன செய்வீங்கள், இருக்கிற ஆக்களில ஆரை எந்த இடத்தில போடுவீங்கள்? பெடியளின்ட ஜேர்சி நம்பரைச் சொல்லி, இன்ன நிமிசத்தில இவன் நிண்ட இடம் பிழை எண்டு சொல்லுற ஆள் உண்மையாப் பாத்திருக்கிறார். "ஒழுக்கம், ஒற்றுமை, அர்ப்பணிப்பு" எண்டு மட்டும் சொல்லுற ஆள் பாக்கேல்லை.

எங்கட ஊருக்கு எண்டு சில கேள்வி நான் எப்பவும் வைப்பன். டீமில தமிழ்ப் பெடியள், முஸ்லிம் பெடியள், சிங்களப் பெடியள் மூண்டும் இருப்பினம், ஹாஃப் டைமில பதினைஞ்சு நிமிசம்தான் இருக்கு, எந்த மொழியில கதைப்பீங்கள், விளங்காத பெடியனுக்கு ஆர் சொல்லுவினம்? நோன்பு மாசத்தில ட்ரெயினிங் எத்தனை மணிக்கு, கிண்ணியா மூதூர்ப் பெடியள் நோன்பு திறக்க வீட்டை போக வேண்டாமா? சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வாற நாளுகளில அரைவாசிப் பேர் வரமாட்டினம், அதுக்கு என்ன திட்டம்? வெளியூர்க் கோச் ஒருத்தருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம், தெரியாதது குற்றம் இல்லை, ஆனா கேட்டு விளங்கிக்கொள்ளப் பாக்கிறாரா, இல்லை "வராதவன் டீமில இல்லை" எண்டு ஒரே வெட்டா வெட்டுறாரா எண்டது தெரிய வேணும்.

தன்ர பிழை ஒண்டைச் சொல்லச் சொல்லுங்கோ. ரெஃபரி, கிரவுண்ட், நிர்வாகம் எண்டு மற்றவையைத்தான் சொல்லிக்கொண்டு போறாரா எண்டு பாருங்கோ.

ஏழாவது: கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ

நேரம் இல்லை, மற்ற எல்லாத்தையும் விட்டாலும் ஒண்டைத்தான் செய்ய ஏலும் எண்டா இதைச் செய்யுங்கோ. கடைசி மூண்டு பேரையும் வேற வேற நாள் கூப்பிட்டு, உங்கட பெடியளை வச்சு எழுபத்தஞ்சு நிமிச ட்ரெயினிங் ஒண்டு நடத்தச் சொல்லுங்கோ. அவைக்கு வந்து போற செலவைக் கிளப் குடுக்கோணும், அது மரியாதை. மெக்கெய்சர் ஸ்டேடியம் கிடைக்காட்டிப் பரவாயில்லை, ஒரு பள்ளிக்கூட மைதானம் காணும், இருபது பெடியள், எட்டுப் பந்து, கூம்பு, கலர் பிப். எந்தத் தலைப்பு எண்டதை நீங்கள் குடுங்கோ, உதாரணத்துக்கு "பந்தை இழந்தவுடன டீம் என்ன செய்யோணும்" எண்டு.

நீங்கள் ஒரு ஓரமா நிண்டு எழுதுங்கோ. எத்தனை மணிக்கு வந்தார், பெடியள் வர முதல் கூம்பு வச்சு முடிச்சிட்டாரா. ஒரு பெடியனைத் தெரிவு செய்து அவன் எத்தனை தரம் பந்தைத் தொட்டான் எண்டு எண்ணுங்கோ. இன்னொருத்தர் ஸ்டொப்வொட்ச் வச்சு, எழுபத்தஞ்சு நிமிசத்தில பந்து ஓடின நேரம் எவ்வளவு, பெடியள் வரிசையில நிண்ட நேரம் எவ்வளவு, கோச் கதைச்ச நேரம் எவ்வளவு எண்டு பிடியுங்கோ. இந்த ஒரு கணக்கு எத்தனையோ இன்டர்வியூ சொல்லாததைச் சொல்லும். நான் பாத்த ஒருத்தர் இருபத்தாறு நிமிசம் கதைச்சார், அழகான கதைதான், பெடியள் வெயிலில காலை மாத்தி மாத்தி நிண்டவை. இன்னொருத்தர் ஒரு தடவையும் ஒரு நிமிசத்துக்கு மேல கதைக்கேல்லை, விளையாட்டை நிப்பாட்டி, "நீ இப்ப எங்க பாத்தனீ?" எண்டு பெடியனிட்டக் கேட்டார், அவன் சொன்னான், திருப்பி அதே இடத்தில இருந்து விளையாட விட்டார், ரெண்டாவது தரம் அவன் சரியாச் செய்தான். அந்த இடத்திலயே எனக்கு முடிவு தெரிஞ்சுது. கிண்ணத்தில ஆரின்ட பங்கு எவ்வளவு எண்டு தலையைப் பிச்சுக்கொண்டு இருக்கிற எங்களுக்கு, அந்தப் பெடியன் ரெண்டாவது தரம் சரியாச் செய்தது முழுக்க முழுக்க அந்த சேரின்ட பங்கு எண்டு கண்ணுக்கு முன்னால தெரிஞ்சுது.

பாதியில ஏதாவது குழப்புங்கோ. "சேர், கிரவுண்ட் அரைவாசிதான் இனிக் கிடைக்கும்" எண்டோ, "ரெண்டு பேருக்கு வேலைக்குப் போகோணுமாம்" எண்டோ சொல்லுங்கோ, உண்மையா எங்கட கிளப்புகளில ஒவ்வொரு கிழமையும் நடக்கிறதுதானே. முடிஞ்ச பிறகு பெடியளிட்டத் தனியாக் கேளுங்கோ, பிடிச்சுதா எண்டு கேக்காம, இண்டைக்கு என்ன புதுசாப் பழகினீங்கள் எண்டு கேளுங்கோ. டீமில ஆகப் பலவீனமான பெடியனிட்டயும் கேக்கோணும்.

முடிவும் கொன்ட்ராக்டும்

புள்ளி போடேக்க நான் எண்டா நூறில நாற்பது ட்ரெயினிங்குக்கு, இருபத்தஞ்சு ஃபோனில விசாரிச்சதுக்கு, இருபது ரிசல்ட்டுக்கும் வீடியோவுக்கும், மிச்சம் பதினைஞ்சுதான் இன்டர்வியூவுக்கு. உங்கட கிளப்புக்கு வேற மாதிரி இருக்கலாம், ஆனா ஆக்களைப் பாக்க முதல் போட்டு வையுங்கோ, பாத்த பிறகு மாத்தாதேங்கோ.

கொன்ட்ராக்டில சம்பளத் திகதி, தங்குற இடம், அசிஸ்டன்டை ஆர் தெரிவு செய்யிறது, எந்தக் காரணத்துக்கு எத்தனை மாச நோட்டீஸ் குடுத்து ரெண்டு பக்கமும் விலகலாம், எல்லாம் எழுத்தில. எப்ப மதிப்பீடு எண்டதையும் எழுதுங்கோ. இங்கிலாந்தின்ட பிரென்ட்ஃபோர்ட்டில தோமஸ் ஃப்ராங்க் அசிஸ்டன்டா இருந்து 2018 ஒக்டோபரில ஹெட் கோச்சா ஏறினவர், முதல் பத்து மெச்சில எட்டுத் தோல்வி. கிளப் அவரை வச்சிருந்தது, ஏனெண்டா எப்பிடித் தெரிவு செய்தம், என்னத்தைப் பாத்துத் தெரிவு செய்தம் எண்டு அவையிட்டத் தெளிவா இருந்தது, 2021இல பிரீமியர் லீக்குக்கு ஏறினவை. உங்கட கிளப்பிலயும் மூண்டாவது தோல்வியோட வட்ஸ்அப் குரூப் கொதிக்கும், அண்டைக்கு எடுத்துப் பாக்கிறதுக்குத்தான் இந்த எழுத்தெல்லாம்.

ஆளுக்கு ஓம் சொன்ன அண்டைக்கே மற்ற ஆக்களுக்கும் நீங்களே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ, ஊர்க்கதையா அவைக்குப் போகக் கூடாது. ஏன் எடுக்கேல்லை எண்டு கேட்டா நேர்மையா ஒரு காரணம் சொல்லுங்கோ. பிறகு அந்தப் புள்ளித் தாள், ட்ரெயினிங் குறிப்பு, எண்ணின கொப்பி எல்லாத்தையும் ஒரு ஃபைலில போட்டுக் கிளப் அலுமாரியில வையுங்கோ, முன் பக்கத்தில ரெண்டாவதா வந்த ஆளின்ட பேரையும் நம்பரையும் எழுதி.